சொந்த சர்வர்ல சமூக ஊடகம் நடத்தினா சட்டம் உங்களை எப்படிப் பார்க்கும்?

மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேவின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்ட கோபத்தில், 2019 நவம்பரில் ஏராளமான இந்தியர்கள் மாஸ்டடானுக்குப் போனாங்க. அங்கே ஒரே முதலாளி கிடையாது. நீங்களே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, நண்பர்களைச் சேர்த்து நடத்தலாம்.

ஆனா ஒரு விஷயம். அடுத்தவர் பதிவைச் சேமித்து அனுப்பும் எந்த நபரும் ஐ.டி. சட்டப்படி 'இடைத்தரகர்'தான். கூடுதல் கடமைகள் வர 50 லட்சம் பயனர்களைத் தாண்டணும். அடிப்படைக் கடமைகளுக்கு 50 பேரே போதும். குறைதீர் அதிகாரியின் பெயரை வெளியிடணும் (பெரும்பாலும் அது நீங்களேதான்!). கணக்கை மூடியவரின் பதிவுத் தகவலை 180 நாள் வைத்திருக்கணும். சர்வர் ஹேக் ஆனா, 2022 உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கணும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியா இருந்தாலும்.

யாராவது போன் போட்டு மிரட்டினா பதிவை நீக்கணுமா? சட்டப்படி தேவையில்லை. 2015 ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பின்படி, நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வரணும். அது வந்தும் நீக்காவிட்டால் பிரிவு 79 தரும் பாதுகாப்பு போயிடும். அடுத்தவர் எழுதியதற்கு நீங்கள் வழக்கைச் சந்திக்க வேண்டிவரும்.

இதன் அரசியல் பலம் இங்கேதான் இருக்கு: ஒரு நிறுவனத்தை வளைத்தால் எல்லார் வாயையும் அடைக்கலாம், நூறு சர்வர்களை அப்படி வளைப்பது கஷ்டம். அந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு வக்கீல் வைக்கக் கட்டுபடியாகும் என்பதுதான் என் சந்தேகம்.