யாருக்காக இந்தப் பாதுகாப்பு?

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாய் வளர்ந்து வரும் இக்காலத்தில், ஓட்டுநர் மறந்தாலும் தானே பிரேக் போட்டுக்கொள்ளும் கார்கள் வந்துவிட்டன என்பதை நாம் அனைவரும் அறிவோம். விளம்பரங்களிலும் பார்க்கிறோம். பெரிய கார் ஒன்று வருகிறது. உள்ளே அப்பா, அம்மா, பின்னால் இரண்டு குழந்தைகள். திடீரென ஏதோ குறுக்கிட, வண்டி தானாகவே நின்றுவிடுகிறது. அம்மா நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். ஆனால் அந்தக் காரின் எதிரே வந்தவர் யார் என்று விளம்பரம் சொல்வதில்லை. நாம் இங்கே பேச விரும்புவது அவரைப் பற்றித்தான்.

சொகுசான குடும்பக் கார்களில் பாதுகாப்புக்குப் பெயர் பெற்றது சுவீடன் நாட்டின் வால்வோ. அந்நிறுவனத்தின் எக்ஸ்.சி.90 என்னும் எஸ்.யூ.வி. 2002-ல் அறிமுகமாயிற்று. ஏழு பேர் அமரலாம். எடை ஏறத்தாழ 2 டன். நம் நாட்டில் விலை ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். 2014-ல் இதன் இரண்டாம் தலைமுறை வந்தது. சந்திப்பில் எதிரே வரும் வண்டியைக் கவனியாமல் ஓட்டுநர் குறுக்கே திருப்பினால் தானே பிரேக் போடும் வசதியை உலகில் முதன்முதலாக இதில்தான் வைத்தோம் என்று அந்நிறுவனத்தார் பெருமையோடு கூறினர்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ரேடார் கருவி வானொலி அலைகளை அனுப்புகிறது. அவை எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு, அது எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்று கணக்கிடுகிறது. முன்கண்ணாடியின் மேற்பகுதியில் உள்ள கேமரா அது காரா, மிதிவண்டியா, மனிதரா என்று பிரித்தறிகிறது. மோதல் நேரும் போலிருந்தால் முதலில் ஒலியெழுப்பி எச்சரிக்கும். ஓட்டுநர் அசையாவிட்டால் தானே பிரேக் போட்டுவிடும். எல்லாம் நாங்கள் இயற்பியல் பாடத்தில் போடும் கணக்குத்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். ஓட்டுநர் திடுக்கிட்டுக் காலைப் பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆயிற்று என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 14 மீட்டர் போய்விடும்! வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்றும் படித்திருக்கிறோம். ஆகவே மோதலை அடியோடு தடுக்க முடியாவிட்டாலும், வேகத்தைக் குறைத்தாலே ஓர் உயிர் பிழைக்கக் கூடும்.

இக்கருவி பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. முன்னால் செல்லும் வண்டியின் பின்புறத்தில் இடிக்கும் விபத்துகளை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் கண்டறிந்துள்ளது. பாராட்ட வேண்டியதே. ஆயினும் அதே கழகம் 2022-ல் வெளியிட்ட வேறோர் ஆய்வைப் பாருங்கள். நடந்து செல்வோர் மீது மோதும் விபத்துகள் 27 சதவீதமே குறைந்தன. விளக்கில்லாத சாலையில், இருட்டில், இக்கருவி இருந்தும் இல்லாததற்குச் சமமாயிற்று. காருக்குக் காரை நன்றாகத் தெரிகிறது. மனிதனைத்தான் அவ்வளவாகத் தெரியவில்லை!

இன்னொன்றும் உண்டு. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி நடப்பவர் மீது மோதினால், அவர் இறக்கும் வாய்ப்பு தாழ்ந்து சரிந்த முகப்புடைய காரைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று அக்கழகம் 2023-ல் கூறிற்று. உயரமான வண்டி என்றால் உள்ளே இருப்பவருக்குப் பத்திரம் என்று நம் பெற்றோர் எண்ணுகின்றனர். அது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உயரத்தின் விலையை வெளியே நிற்பவர் கொடுக்கிறார் அன்றோ?

வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்களும், மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்களுமே. நம் இந்திய நாட்டில் 2022-ல் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள். எந்தச் சொகுசுக் காரின் விளம்பரத்திலும் இவர்கள் உள்ளே அமர்ந்திருக்கவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் நல்ல சமாரியர் உவமையை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். அதுவும் ஒரு சாலையில் நடந்த கதைதான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் இருவர் விலகிப் போனார்கள். அவர்களுக்குக் கண் தெரியாமல் இல்லை. நம் திருச்சபையும் சாலையை மறந்துவிடவில்லை. 2007-ல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றில் வண்டி ஓட்டுவோருக்கென்றே பத்துக் கட்டளைகள் உள்ளன. காரை ஆற்றலையும் ஆதிக்கத்தையும் காட்டும் பொருளாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சாலையில் வலிமை குறைந்தவரைக் காக்க வேண்டும் என்பது மற்றொன்று.

வால்வோ நிறுவனம் ஒரு காலத்தில் உயர்ந்த குறிக்கோள் ஒன்றை அறிவித்தது. 2020-க்குள் புதிய வால்வோ காரில் எவரும் இறக்கவோ கடுங்காயம் அடையவோ கூடாது என்பதே அது. நல்ல குறிக்கோள்தான். ஆனால் "காரில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே சுவீடனின் பாராளுமன்றம் 1997-ல் வேறுவிதமாகச் சொன்னது: சாலையில் எவருமே இறக்கவோ கடுங்காயம் அடையவோ கூடாது என்றது. நம் மனம் பாராளுமன்றத்தின் பக்கமே சாய்கிறது.

2018 மார்ச் 18-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பி நகரில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் மீது ஓர் எக்ஸ்.சி.90 மோதியது. அவர் இறந்துவிட்டார். ஊபர் நிறுவனம் தானியங்கிக் காராக மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்த வண்டி அது. அவரை அந்தச் சோதனைக் கருவி 5 நொடிகளுக்கு முன்பே கண்டது. கண்டும், பொருளா, காரா, மிதிவண்டியா என்று மாறி மாறி எண்ணிக்கொண்டிருந்தது. இருக்கையில் இருந்த ஊழியரின் கண்ணோ கைப்பேசியில் இருந்தது. வால்வோ பொருத்தியிருந்த பிரேக் வசதியை, தங்கள் கருவியோடு முரண்படாதிருக்க, ஊபர் செயலிழக்கச் செய்திருந்தது. அது இயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வால்வோ பின்னர் 20 விதமாகக் கணினியில் சோதித்துப் பார்த்தது. 17-ல் மோதலே நேரவில்லை. இதைப் படித்தபோது எங்களுக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு கோடி ரூபாய் வண்டியில் இருந்த பாதுகாப்பு, வேண்டிய நேரத்தில் அணைக்கப்பட்டிருந்தது!

இதெல்லாம் அந்நியரைப் பற்றிய பேச்சு, எங்கள் குழந்தை காருக்குள்ளேதான் இருக்கிறது என்று எந்தப் பெற்றோரும் எண்ண வேண்டாம். 2002-ல் நியூயார்க் மாநிலத்தில் குழந்தை மருத்துவர் ஒருவர் தம் வீட்டு வாசலில் எஸ்.யூ.வி.யைப் பின்னோக்கி எடுத்தார். பின்னால் நின்றது அவருடைய 2 வயது மகன். உயரமான வண்டியின் கண்ணாடிகளில் அவன் தெரியவேயில்லை. அத்தந்தை தம் துயரத்தோடு முடங்கிவிடாமல், ஊர் ஊராகப் பேசினார். அக்குழந்தையின் பெயராலேயே 2008-ல் அமெரிக்காவில் சட்டம் பிறந்தது. 2018 மே மாதம் முதல் அங்கே விற்கும் புதிய கார் ஒவ்வொன்றிலும், மலிவான காரிலும்கூட, பின்புறக் கேமரா கட்டாயமாயிற்று. பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

எங்கள் கருத்து இதுதான். உயிர் காக்கும் கருவியைத் தோல் இருக்கையோடும் இன்னிசைப் பெட்டியோடும் சேர்த்துச் சொகுசாக விற்கக் கூடாது. வேறு யாரிடமும் போக வேண்டாம், வால்வோவின் பழைய வரலாறே இதற்குச் சாட்சி. 1959-ல் அங்கே பணியாற்றிய நீல்ஸ் போலின் என்ற பொறியாளர் மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் மூன்று முனைச் சீட் பெல்ட்டை வடிவமைத்தார். முன்னர் போர் விமானங்களில் விமானியைத் தூக்கியெறிந்து காப்பாற்றும் இருக்கைகளைச் செய்தவர் அவர். காப்புரிமை வால்வோவிடம் இருந்தது. விரும்பியிருந்தால் அதைப் பூட்டி வைத்துப் பணம் குவித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் பிற நிறுவனங்களும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டனர். இன்று எளிய காரிலும் நாம் மாட்டிக்கொள்வது அந்தப் பெல்ட்தான்.

தானே பிரேக் போடும் கருவியும் அவ்வழியே செல்லத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் அது கட்டாயம். ஆனால் நடப்பவரையும் மிதிவண்டிக்காரரையும் கண்டு நிற்கும் வசதிக்கு அச்சட்டம் கொடுத்த கெடு 2026 ஜூலை. வண்டிக்கு முதலிடம், மனிதருக்கு இரண்டு ஆண்டு பின்னால்! இந்த வரிசை ஏன் என்பது எங்களுக்குப் புரியவில்லை.

நம் ஊரில் இது செல்லாது, ஆட்டோவும் மாடும் குறுக்கே வரும்போதெல்லாம் வண்டி நின்று நின்று போகும், பொறுக்கமாட்டாமல் ஓட்டுநரே அணைத்துவிடுவார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2017-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. சுவீடனின் காட்டு மான்களைக் கண்டு நிற்கப் பழகிய வால்வோ, கங்காருவைக் கண்டு குழம்பிப் போயிற்றாம். தரையை வைத்தே தொலைவை அளக்கும் அதற்கு, துள்ளி மேலே எழும்பிய கங்காரு தூரத்திலும், கீழே இறங்கிய கங்காரு பக்கத்திலும் இருப்பதாகத் தோன்றியதாம்! படித்துவிட்டுச் சிரித்தோம். அதற்காகக் கருவியே வேண்டாம் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. கங்காருவையும் அடையாளம் காணக் கற்பிக்க முற்பட்டனர். நம் சாலைக்கும் அதையே செய்யட்டும். தலையில் கூடையோடு போகும் பாட்டியையும், ஒரே மிதிவண்டியில் போகும் மூன்று மாணவியரையும் அது அறிந்துகொள்ளட்டும்.

ஆகவே, தந்தையரே, தாய்மாரே, அடுத்த முறை கார் வாங்கச் செல்லும்போது எங்களையும் அழைத்துச் செல்லுங்கள். கூரை திறக்குமா, திரை எத்தனை அங்குலம் என்று நீங்கள் கேட்டு முடித்த பின், நாங்கள் ஒன்றே ஒன்று கேட்போம்: விளக்கில்லாத தெருவில் ஒரு சிறுமி குறுக்கே வந்தால் இந்த வண்டி நிற்குமா? விற்பனையாளருக்குப் பதில் தெரியாவிட்டால் மேலாளரை அழைத்து வரட்டும். நாங்கள் காத்திருக்கிறோம்.