மாட்டிடையனின் தொப்பியும் பரிமாறுவோரின் ஊதியமும்

ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலையோரங்களில் 'மேற்கத்திய' அலங்காரம் பூண்ட ஸ்டேக் உணவுச்சாலைகள் பல காணப்படுகின்றன. மரப்பலகைச் சுவர், மாட்டுக்கொம்பு, குதிரைச் சேணம், ஓயாது ஒலிக்கும் 'கன்ற்றி' இசை ஆகியன அவற்றின் பொது இலக்கணம் எனலாம். மேற்கு என்பது ஈண்டு ஐரோப்பாவைக் குறிப்பதன்று. மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பாலுள்ள மேய்ச்சல் நிலங்களையும், அங்கே குதிரையேறித் திரிந்த 'கௌபோய்' எனப்படும் மாட்டிடையனையுமே அது குறிக்கின்றது. ஒரு குடும்பம் நடுத்தர விலையில் ஒரு துண்டு இறைச்சியை உண்டு மகிழ்வதற்கு வரலாற்று ஆராய்ச்சி எதற்கு என வினவுவோர் உளர். அவர்க்கு விடை கூறுதல் அவசியமாகின்றது. ஏனெனில், அங்கு விற்கப்படுவது இறைச்சி மட்டுமன்று. உழைப்பைப் பற்றிய பொய்யொன்றும் உடன் பரிமாறப்படுகின்றது.

முதலில் இவ்வலங்காரத்தின் பிறப்பிடத்தை நோக்குவோம். 'பொனான்சா' என்னும் தொலைக்காட்சித் தொடர் 1959 முதல் 1973 வரை ஒளிபரப்பானது. அதில் நடித்த டான் புளொக்கர் 1963இல் அதே பெயரில் ஸ்டேக் உணவுச்சாலையைத் தொடக்கினார். அத்தொடரில் வரும் பண்ணையின் பெயரான 'பொண்டரோசா' 1965இல் இந்தியானா மாநிலத்தில் மற்றொரு உணவுச்சாலைக்குச் சூட்டப்பட்டது. 'லோங்ஹோர்ன்' 1981இல் அத்திலாந்தா நகரிலே தோன்றியது. வாளிகளில் வைக்கப்படும் கச்சானுக்கும், பணியாளர் வரிசையாய் நின்று ஆடும் ஆட்டத்துக்கும் பெயர்பெற்ற 'டெக்சாஸ் ரோட்ஹவுஸ்' 1993இல் பிறந்ததும் டெக்சாசில் அன்று; அதுவும் இந்தியானாவிலேதான். இவை மேய்ச்சல் நிலத்து மக்களின் வாழ்விலிருந்து முளைத்தவையல்ல. திரையில் ஒருமுறை விற்கப்பட்ட கற்பனை மேசையில் மறுமுறை விற்கப்படுகின்றது.

அக்கற்பனையின் நாயகன் யார்? எவர்க்கும் கட்டுப்படாதவன், தனியன், முதலாளி அற்றவன். வரலாறு காட்டும் மாட்டிடையனோ கூலியாள். 1860களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் டெக்சாசிலிருந்து கான்சாஸ் புகையிரத நிலையங்களுக்கு மாட்டுமந்தைகளை ஓட்டிச் சென்ற அவன் பெற்றது மாதமொன்றுக்கு 25 முதல் 40 டொலர் வரையிலான கூலியே. அவன் ஓட்டிய மாடுகள் அவனுடையவை அல்ல. அவனது அன்றாட உணவு அவரை விதையும், உப்பிட்ட பன்றியிறைச்சியும், ரொட்டியும், கோப்பியுமாகவே பெரும்பாலும் இருந்தது. அவர்களுள் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பாகும். மெக்சிக்கோ இடையர் பலரும் இருந்தனர். 'ராஞ்ச்', 'ரோடியோ' என்னும் சொற்களே ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. 1883இல் டெக்சாசின் வடபகுதிப் பண்ணைகள் சிலவற்றில் மாதம் 50 டொலர் கோரி மாட்டிடையர் வேலைநிறுத்தம் செய்தனர், தோல்வியுற்றனர். கொம்பும் சேணமும் தொங்கும் சுவரில் இவ்வேலைநிறுத்தத்துக்கு இடமில்லாமற் போனது ஏன் என்பது சிந்திக்கற்பாலது.

அன்றைய கூலியாள் மறைக்கப்படுவதால் இன்றைய கூலியாளும் கண்ணுக்குப் புலப்படாது போகின்றார். தொப்பியணிந்து புன்னகையுடன் தட்டேந்தி வருபவருக்கு, 'ரிப்ஸ்' பெறும் தொழிலாளி என்ற வகையில், முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டிய தொகையைக் கூட்டரசுச் சட்டம் மணித்தியாலத்துக்கு 2.13 டொலர் என வரையறுத்துள்ளது. 1991 முதல் இத்தொகை மாறவில்லை. டெக்சாசிலும் இந்தியானாவிலும் இதுவே நடைமுறை. எஞ்சியதை உண்பவரின் தாராளம் நிரப்ப வேண்டும், அது 7.25 டொலரை எட்டாவிடின் மட்டுமே முதலாளி குறையை ஈடுசெய்தல் வேண்டும். தட்டிலுள்ள இறைச்சியின் பின்னாலும் இவ்வாறே தொழிலாளர் மறைந்துள்ளனர். கொழுக்க வைக்கப்பட்ட மாடுகளில் நூற்றுக்கு 85 வீதமளவு நான்கு பெருங் கம்பனிகளின் கொல்களங்களுக்கே செல்கின்றன. அங்கு உழைப்போரில் குடிவரவாளர் மிகப் பலர். 2020 ஏப்ரலில், பெருந்தொற்று அக்கொல்களங்களில் பரவிக்கொண்டிருந்த வேளையில், அவை தொடர்ந்து இயங்குவதற்கான ஆணையை அந்நாட்டு ஜனாதிபதி பிறப்பித்தார். தனிமனித சுதந்திரத்தின் சின்னமாக விற்கப்படும் உணவு எத்தகைய கட்டுப்பாட்டின் கீழ் ஆக்கப்படுகின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு இரு மறுப்புகள் கூறப்படுவதுண்டு. 'ரிப்ஸ்' முறையால் பலர் நல்ல வருவாய் ஈட்டுகின்றனர் என்பது ஒன்று. சனிக்கிழமை இரவில் அது உண்மையாகலாம். ஆயின், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையின் நட்டத்தைச் சுமப்பவர் யார் என்பதே கேள்வி. வியாபாரத்தின் இடரைத் தொழிலாளியின் தோளில் ஏற்றிவிட்டு, அதற்குச் சுதந்திரம் எனப் பெயரிடுதல் நேர்மையாகாது. கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோற்றா முதலிய மாநிலங்களில் 'ரிப்ஸ்' கருதிக் குறைக்கப்படாத முழுக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கப்படுகின்றது. அங்கும் ஸ்டேக் உணவுச்சாலைகள் இயங்கியே வருகின்றன.

இத்தகைய விமரிசனம் சாதாரண மக்களின் சுவையை இகழும் மேட்டுக்குடி மனப்பான்மை என்பது மற்றையது. இது கவனமாக எதிர்கொள்ள வேண்டிய வாதம். அலங்காரத்தின் மலிவைக் கண்டு நகைக்கும் புலமையாளர் பலர் அதே இறைச்சியை வெண்விரிப்பு மேசையில் மும்மடங்கு விலைக்கு உண்ணத் தயங்குவதில்லை. அவர்தம் நகைப்பு எவ்வகையிலும் பயனற்றது. வாரமுழுதும் உழைத்த குடும்பம் சூடான பாணும் இறைச்சியும் நாடி அங்கு செல்வதிற் குற்றமேதும் இல்லை. குற்றம், அக்குடும்பத்தையும் அதற்குப் பரிமாறுபவரையும் பிணைக்கும் உண்மையை, அதாவது இருவரும் கூலிக்கு உழைப்பவர் என்பதை, மாட்டிடையனின் தொப்பியால் மூடிவிடுவதிலேயே உள்ளது.

கொம்புகளைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டுமென எவரும் கோரவில்லை. 1883இல் மாட்டிடையன் கேட்டது புகழ்ச்சியை அன்று, ஊதியத்தை. அவனது தொப்பியை அணிந்து பரிமாறுபவர்க்கு உரியதும் அதுவே. அதனைக் கொடுக்க மறுத்துக்கொண்டே அவன் படத்தைச் சுவரில் மாட்டுவது மரியாதையாகாது. அவனை இரண்டாம் முறை ஏமாற்றுவதாகும்.