தண்டுவடக் காயமும் டெஸ்டோஸ்டிரோனும்: தசை வளரும், நரம்பு மீளுமா?

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. காயமடைந்தவர்களில் எத்தனை பேருக்குத் தண்டுவடத்தில் அடி? அதை மட்டும் தேடாதீங்க, கிடைக்காது. 'கொடுங்காயம்', 'சிறுகாயம்' என்ற பிரிவுகளுக்குள் அது கரைந்துவிடுகிறது.

அப்படி அடிபட்ட இளைஞரின் வீட்டில் எழும் கேள்விகளில் ஒன்று: ஹார்மோன் ஊசி போட்டா கை, கால் திரும்ப வருமா?

ஹார்மோன் ஏன் குறைகிறது?

டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்லும் உத்தரவு மூளையின் ஹைப்போதலாமஸில் தொடங்கி, பிட்யூட்டரி வழியாக ரத்தத்தில் கலந்து விரைக்குப் போகிறது. இந்த உத்தரவு போவது ரத்தத்தில்தான், தண்டுவடம் வழியாக அல்ல. அப்போ முதுகில் அடிபட்டால் ஏன் குறையணும்? காயத்தின் அதிர்ச்சி, ஓபியாய்டு வகை வலி மருந்துகள், நடமாட்டம் இல்லாமல் கூடும் கொழுப்பு எல்லாம் சேர்ந்து அந்த உத்தரவை அமுக்குகின்றன. 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தண்டுவடக் காயமுள்ள 243 ஆண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த ஹார்மோன் குறைவாக இருந்தது.

நரம்புக்கு இதில் என்ன வேலை?

தசையை இயக்கும் நரம்புச் செல்கள் டெஸ்டோஸ்டிரோனை உணரக்கூடியவை. தண்டுவடம் அடிபட்டதும், நேரடியாகச் சேதமாகாத நரம்புச் செல்களின் கிளைகளும் சுருங்குகின்றன. 2012-ல் எலிகளில் நடந்த ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் இந்தச் சுருக்கத்தைக் குறைத்தது. ஆனால் மிச்சமிருப்பதைக் காப்பது வேறு, அறுந்த இணைப்பை ஒட்டவைப்பது வேறு. இந்த ஆய்வு காட்டியது முதலாவதைத்தான்.

மனிதர்களில்?

2008-ல் பழைய மருத்துவப் பதிவுகளை அலசிய ஓர் ஆய்வு, தண்டுவடம் முழுதாகச் சேதமாகாத ஆண்களில் ஹார்மோன் எடுத்தவர்களின் தசை வலிமை மதிப்பெண் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. ஆனால் இது சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. முன்னேற்றத்துக்கு ஹார்மோன்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

2019-ல் வெளியான சோதனை சிறியது, ஆனால் தெளிவானது. 22 ஆண்கள், 16 வாரம். எல்லோருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பட்டை. ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடவே மின்தூண்டல் மூலம் கால் பயிற்சி. பயிற்சி செய்தவர்களின் தொடைத் தசை பெருத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்கணும்: அந்தத் தசையை அசைத்தது மின்சாரம், அவர்களுடைய மூளை அல்ல. தசை வளர்ந்ததை நரம்பு மீண்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆபத்து?

டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூட்டி ரத்தத்தைத் தடிப்பாக்கலாம். அடிபட்ட முதல் சில மாதங்களில் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏற்கெனவே அதிகம். கழுத்தில் அடிபட்டவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது சகஜம், அதுவும் மோசமாகலாம். முக்கியமாக, வெளியிலிருந்து வரும் ஹார்மோன் விந்தணு உற்பத்தியை அடக்கும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் 28 வயதுக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லியாகணும்.

என்ன கேட்கலாம்?

காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனை இரண்டு முறையாவது குறைவு என்று காட்டியதா? சோர்வு, தசை இழப்பு போன்ற அறிகுறிகள் இருக்கா? இரண்டும் 'ஆம்' என்றால், குறைபாட்டுக்கான சிகிச்சை பற்றி மருத்துவரிடம் பேசலாம். "நரம்பு சரியாகிடும்" என்று சொல்லி யாராவது ஊசி விற்றால், எந்த மனித ஆய்வை வைத்துச் சொல்றீங்க என்று கேளுங்கள். பிசியோதெரபிக்கு எடுத்துவைத்த பணத்தை அதற்கு மாற்றிவிடாதீர்கள்.