எட்டும் நான்கும் யாருக்குச் சொந்தம்?

ரிங்லெட்: தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் மலைச் சாலையில் முதலில் வரும் பட்டணம் இதுதான். நிலம் பகாங். சாலையில் கீழே இறங்கினால் பேராக். அடையாள அட்டையில் பகாங் முகவரி இருக்கும். தீபாவளித் துணி ஈப்போவில் எடுத்ததாக இருக்கும். காற்பந்திலும் இதே கதைதான். பல வீடுகளில் அப்பா பேராக், மகன் பகாங். சில வீடுகளில் நேர்மாறு. பகாங் அணி ஆடுவதைப் பார்க்கக் குவாந்தான் வரை போக நான்கைந்து மணி நேரம் ஆகும், ஈப்போவுக்கு அதில் பாதி போதும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

2025 ஏப்ரல் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் மலேசியக் கிண்ண இறுதியாட்டம். ஸ்ரீ பகாங் ஜேடிடியிடம் 1-2 என்று தோற்றது. அடுத்த சில வாரங்களில் 2025-26 சூப்பர் லீக் பருவத்திலிருந்து ஸ்ரீ பகாங் விலகியது. பேராக் கழகமும் விலகியது. ரிங்லெட்காரர்கள் இரு கட்சியாகப் பிரிந்து ஆதரித்த இரண்டு அணிகளும் ஒரே ஆண்டில் முதல்நிலை லீக்கில் இல்லாமல் போயின.

ஆட்டம் நின்றதே தவிர வாக்குவாதம் நிற்கவில்லை. முன்பு அடுத்த வார ஆட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் இப்போது பழைய பட்டங்களை எண்ணுகிறார்கள். தே தாரிக் ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடும்.

“மலேசியக் கிண்ணம் எங்களுக்கு எட்டு, உங்களுக்கு நாலு. பேச்சே இல்ல தம்பி.”

“லீக் பட்டம் எங்களுக்கு அஞ்சு, உங்களுக்கு ரெண்டு அண்ணே. வருசம் பூரா ஆடி ஜெயிக்கிறதுதான் லீக்.”

இரண்டு பேர் சொல்வதும் சரி. பேராக் கிண்ணம் வென்ற ஆண்டுகள் 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. பகாங் வென்றவை 1983, 1992, 2013, 2014. லீக்கில் பகாங்கிற்கு 1987, 1992, 1995, 1999, 2004. பேராக்கிற்கு 2002, 2003. அதற்குமேல்தான் சிக்கல் தொடங்குகிறது. 1926இல் எத்தனை அணிகள் ஆடின, அந்தப் பட்டத்தையும் 2014ஆம் ஆண்டுப் பட்டத்தையும் ஒரே எடையில் வைக்கலாமா என்று பகாங்காரர் கேட்பார். 1992இல் உங்களுக்காக ஆடிய ஃபாண்டி அஹ்மாட் எந்த ஊர்க்காரர் என்று பேராக்காரர் திருப்பிக் கேட்பார். அந்த ஃபாண்டிதான் இரண்டே ஆண்டில் சிங்கப்பூர் அணித்தலைவராகத் திரும்பி வந்து, 1994 இறுதியாட்டத்தில் பகாங்கை 4-0 என்று வீழ்த்தினார். அந்தக் காயம் மலையில் இன்னும் சிலருக்கு ஆறவில்லை.

இந்த இடத்தில் மூன்றாவது மேசையிலிருந்து சிலாங்கூர்காரர் ஒருவர் “முப்பத்து மூணு” என்று மட்டும் சொல்வார். தோட்டத்துத் தமிழர்களிடையே சிலாங்கூருக்கு எப்போதும் ஒரு கூட்டம் உண்டு. ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயரெடுத்த கோல்காவலர் ஆர். ஆறுமுகம், பின்னாளில் பயிற்றுநராக 2010 தென்கிழக்காசியக் கிண்ணத்தை நாட்டுக்கு வென்று தந்த கே. ராஜகோபால் போன்றவர்கள் சிவப்பு மஞ்சள் சட்டையில் ஆடியதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது.

ஆனால் அந்த முப்பத்து மூன்றும் முழுக்கணக்கு அல்ல. இந்தக் கிண்ணம் 1921இல் எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பல் தந்த அன்பளிப்பு. முதலில் மலாயாக் கிண்ணம். 1967 முதல்தான் மலேசியக் கிண்ணம். 1928, 1929 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிலாங்கூரும் சிங்கப்பூரும் இறுதியில் சமநிலை கண்டு கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. ரிங்லெட் பக்கத்தில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய 1929ஆம் ஆண்டு என்றால் நமக்கு எவ்வளவு பழைய காலம் என்பது புரியும். பகிர்ந்த அந்த இரண்டையும் சிலாங்கூர் தன் 33இல் முழுதாகச் சேர்க்கிறது. சிங்கப்பூரும் தன் 24இல் முழுதாகச் சேர்க்கிறது. 1921 முதல் 2024-25 வரை, போர்க்கால இடைவெளியும் 2020இல் நோய்த்தொற்றால் கைவிடப்பட்டதும் போக, 97 முறை இந்தப் போட்டி நடந்திருக்கிறது. எல்லா அணிகளும் சொல்லும் பட்டங்களைக் கூட்டிப் பார்த்தேன். 99 வருகிறது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். பகிர்ந்தாலும் வெற்றியாளர் வெற்றியாளர்தான். ஆனால் ‘31, பகிர்ந்தது 2’ என்று எழுதுவதில் சிலாங்கூருக்கு என்ன நட்டம்? அப்போதும் யாரும் அருகில் வரமுடியாது.

எண்ணிக்கையை விடப் பெரிய வழக்கு வாரிசு வழக்கு. இங்கேதான் ஜேடிடி வருகிறது. ஜொகூர் 1985இலும் 1991இலும் கிண்ணம் வென்றது. 1991இல் லீக்கும் சேர்ந்தே கிடைத்தது. அப்போது ஆடியது ஜொகூர் காற்பந்துச் சங்கத்தின் அணி. 2013இல் ஜேடிடி பிறந்தபோது அது சூப்பர் லீக்கில் உட்கார்ந்த நாற்காலி ஜொகூர் எஃப்சியுடையது. 1972இல் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் அணியாகத் தொடங்கிய வேறொரு அணி அது. ஜேடிடி பெயரில் வந்த கிண்ணங்கள் 2017, 2019, 2022, 2023, 2024-25 என ஐந்து. பழைய இரண்டையும் சேர்த்து ஏழு என்பவர்களும் உண்டு, ஐந்துதான் என்பவர்களும் உண்டு. 2014 முதல் 2024-25 வரை ஒரு லீக் பட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்காத அணிக்கு அந்தப் பழைய இரண்டு தேவையா என்று கேட்டால், ஜொகூர் ரசிகருக்குக் கோபம் வரும். அவர் தகப்பனார் பார்த்த 1985 அல்லவா அது?

கோலாலம்பூரில் இவ்வளவு தகராறு இல்லை. 1987, 88, 89 என மூன்றும் சங்கத்தின் அணி வென்றது. 2021இல் ஜேடிடியை 2-0 என்று வென்றது கழகமாக மாறிய கோலாலம்பூர் சிட்டி. நான்கு என்று சொல்கிறார்கள், யாரும் மறுப்பதில்லை. ஆனால் 2003இல் கிண்ணம் வென்ற எம்பிபிஜே அணி பெட்டாலிங் ஜெயாவைச் சேர்ந்தது, பெயரிலேயே சிலாங்கூர் இருந்தது. அதைச் சிலாங்கூர் தன் கணக்கில் எழுதுவதில்லை. ஆக, ஊர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்று நாமே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் கல்லூரிகள் ஆடும் அவர்கள் பாணிக் காற்பந்தில் நெடுங்காலம் நாடு தழுவிய இறுதியாட்டமே கிடையாது. பத்திரிகையாளர் வாக்கு ஒரு பக்கம், பயிற்றுநர் வாக்கு ஒரு பக்கம். 1997இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் ஆளுக்கொரு வாக்கெடுப்பில் முதலிடம் பெற்று, இரண்டுமே வெற்றியாளர் என்றன. அலபாமா பல்கலைக்கழகம் 1941ஆம் ஆண்டுப் பட்டமும் தன்னுடையதுதான் என்கிறது. அந்த ஆண்டு பத்திரிகையாளர் பட்டியலில் அது இருந்தது இருபதாவது இடத்தில்! அங்கே ஒரு நடுவர் அமைப்பு இல்லாததால் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள முடிந்தது. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. மலேசியக் காற்பந்துச் சங்கம் இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, ஆட்ட முடிவுகள் இருக்கின்றன. எந்தக் கழகம் எந்தச் சங்கத்தின் வாரிசு என்று ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை.

மீண்டும் பேராக், பகாங் விஷயத்துக்கு வருகிறேன். தேசிய அளவிலான மாற்றத்தின்படி 2021 பருவத்தை ஒட்டி மாநிலச் சங்கங்களின் அணிகள் தனியார் கழகங்களாக மாறின. உரிமையாளர், பங்கு, கடன் எல்லாம் கம்பெனியின் பெயருக்குப் போயின. பேராக்கின் எட்டாவது கிண்ணம் 2018இல் திரங்கானுவைப் பினால்டியில் வென்று வந்தது. பகாங்கின் நான்காவது 2014இல், அதுவும் பினால்டியில், அதுவும் ஜேடிடியை வென்று வந்தது. ஆண்டுகளைக் கவனியுங்கள். எட்டில் ஒன்றுகூடக் கம்பெனி காலத்தில் வந்ததில்லை. நான்கில் ஒன்றுகூட இல்லை. லீக் பட்டங்கள் ஏழும் அப்படித்தான்.

அதனால்தான், “அணியே போச்சு, இனி எட்டு என்ன, நாலு என்ன?” என்று அலுத்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விலகிப் போனவை கம்பெனிகள். அவை கொண்டுபோகக்கூடிய கிண்ணம் ஒன்றும் அவற்றின் கணக்கில் இல்லை. 1957இல் பேராக் வென்றதை ரேடியோவில் கேட்ட தாத்தாவுக்கும், 1983இல் பகாங் சிலாங்கூரை வீழ்த்தியதை லயத்தில் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் பங்குப் பத்திரம் யாரும் தரவில்லை. தந்திருந்தால் அதையும் இன்று விற்றிருப்பார்கள்.

இதில் பணத்தின் பக்கமும் இருக்கிறது. நாளைக்கு ஒரு முதலாளி வந்து புதுக் கழகம் தொடங்கி, பழைய செலாடாங் சின்னத்தையோ தோக் காஜா யானையையோ சட்டையில் ஒட்டினால், எட்டும் நான்கும் தானாக அவர் விளம்பரத்துக்குப் போய்விடும். ரசிகர் அந்த எண்ணை நம்பித்தான் டிக்கெட் வாங்குவார், சட்டை வாங்குவார். ஆட்டக்காரரின் சம்பளம் பாக்கி விழும்போது அதே முதலாளி, இது புதுக் கழகம், பழைய கடனுக்குத் தனக்குச் சம்பந்தமில்லை என்பார். பட்டத்துக்கு வாரிசு என்றால் பாக்கிக்கும் வாரிசாக இருக்க வேண்டும். சின்னத்தைப் பயன்படுத்த அனுமதி தரும்போதே மாநிலச் சங்கங்கள் இதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

போன வாரம் கடையில் இதைச் சொன்னபோது பேராக்காரப் பெரியவர் ஒருவர் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அப்போ புது டீம் வந்தா அதுக்கு எத்தனை தம்பி?”

சைபர் என்றேன்.

“சரிதான்,” என்றவர், எதிரே இருந்த பகாங்காரரைப் பார்த்துத் திரும்பினார். “அப்பவும் எங்களுக்கு எட்டு.”