உள்ளம் வளரும் வழி

நெடுஞ்சாலையில் செல்லும் வழிப்போக்கனுக்கு மைற்கற்கள் பெருந்துணையாகும். கடந்த தொலைவு இவ்வளவு, கடக்க வேண்டிய தொலைவு இவ்வளவு என்று அவை வாய் திறவாமலே கூறும். மக்கள் வாழ்க்கைக்கும் பெரியோர் இத்தகைய கற்களை நட்டு வைத்துள்ளனர். பெயர் சூட்டுதல், சோறூட்டுதல், காது குத்துதல், பள்ளியில் சேர்த்தல், மணம் முடித்தல் என அவை தொடர்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உற்றார் கூடுவர், வாயிலில் வாழை கட்டுவர், பந்தி நடைபெறும். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், இவை உடலும் ஆண்டும் வளர்ந்தமைக்கு நடப்பட்ட கற்கள். உள்ளம் வளர்ந்தமைக்கு நடப்பட்ட கல் எங்கே உளது? பிள்ளை முதன்முதலாகப் பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக உணர்ந்த நாளை எந்த இல்லத்திலும் குறித்து வைப்பாரில்லை. யாரும் கேளாதிருக்கவே தன் பிழையைத் தானே எடுத்துரைத்த நாளுக்கு விருந்து வைப்பாருமில்லை.

குழந்தையின் வளர்ச்சியைத் தமிழ்ப் புலவர் கூர்ந்து நோக்கியவர் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்றாகும். ஐந்தாம் திங்களை ஒட்டிக் கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களை ஒட்டிக் கைகொட்டி மகிழ்வது சப்பாணி. ஓராண்டு நிரம்பும் காலத்தில் தளர்நடையிட்டு வருவது வருகை. இவற்றிற்குப் பின்னர் வருவது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைக்கும் பருவம் அது. இன்சொல் கூறியும், வேற்றுமை காட்டியும், கொடை காட்டியும், இறுதியில் அச்சுறுத்தியும் நிலவை அழைப்பது புலவர் மரபு.

விண்ணில் உலவும் நிலவு சிறுபிள்ளையின் ஏவலுக்கு இறங்கி வரும் என்பது புலவர் கற்பனை மட்டும் அன்று. குழந்தையுள்ளத்தின் இயல்பே அத்தகையது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) சிறுவர் பலரிடம் வினவி இதனைக் கண்டறிந்தார். தாங்கள் நடக்கும்போது நிலவும் தங்களைப் பின்தொடர்ந்து நடக்கிறது என்று அவர்கள் ஐயமின்றி நம்பினர். உலகம் தன்னைச் சுற்றியே இயங்குகிறது என்று எண்ணுதல் அப்பருவத்தின் இயற்கை. எதிர்த்திசையில் செல்லும் தோழனையும் அதே நிலவு தொடருமானால், அஃது எங்ஙனம் கூடும் என்னும் ஐயம் ஒரு நாள் தோன்றும். அந்த ஐயம் பிறந்த நாளே உள்ளத்தின் பாதையில் முதற் கல் நாட்டப்பெற்ற நாள் எனலாம். தன்னைப் போலவே பிறர்க்கும் ஒரு நிலவு உண்டு என்று உணர்வது சிறிய செய்தியன்று.

பியாஜே 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வேறொரு சோதனையும் உண்டு. அவர் சிறுவர்க்கு இரு கதைகள் கூறினார். உணவுண்ண வருமாறு அழைக்கப்பெற்ற சிறுவன் ஒருவன் கதவைத் திறந்தான். கதவின் பின்னே தட்டில் கிண்ணங்கள் இருந்ததை அவன் அறியான். பதினைந்து கிண்ணங்கள் உடைந்தன. மற்றொருவன் தாய் இல்லாத வேளையில் அலமாரியிலிருந்து பழப்பாகு எடுத்துண்ண முயன்று, ஒரு கிண்ணத்தை உடைத்தான். இவ்விருவருள் குற்றம் மிகுந்தவன் யாவன்? பதினைந்து உடைத்தவனே என்றனர் இளஞ்சிறார். ஆண்டில் சற்று மூத்தவரோ, உடைந்த கிண்ணத்தை விடுத்து, உடைத்தவன் நெஞ்சத்தை நோக்கினர். எண்ணிக்கையைக் கடந்து எண்ணத்தை நோக்கும் இந்த அறிவே இரண்டாம் கல். கிண்ணம் உடையும் ஓசை கேட்டவுடன் துண்டுகளை எண்ணத் தொடங்கும் பெரியோரும் உலகில் உளர். அவர்கள் ஆண்டால் ஐம்பதைக் கடந்தவர். உள்ளத்தால் ஆறினைக் கடவாதவர்!

ஆண்டும் உள்ளமும் எப்போதும் இணைந்து நடப்பதில்லை. உலா நூல்கள் மகளிர் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்து, நாற்பதாம் ஆண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. தோற்றப் பொலிவைப் பாட வந்த நூல்களுக்கு அவ்வரையறை பொருந்தலாம். அறிவின் வளர்ச்சிக்கு அது சிறிதும் பொருந்தாது.

காந்தியடிகளின் இளமையில் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். 1869இல் பிறந்த அவருக்குப் பதின்மூன்றாம் ஆண்டில் திருமணம் நிகழ்ந்தது. செலவைச் சுருக்க எண்ணிய பெரியோர், அவருக்கும் தமையனார் ஒருவர்க்கும் உறவினர் ஒருவர்க்கும் ஒருங்கே மணம் முடித்தனர். புத்தாடையும் இசை முழக்கமும் விருந்தும் சிறுவனுக்குக் களிப்பூட்டின. ஊரார் கண்ணுக்கு அது பெரியதொரு மைற்கல். ஆனால் அதனால் அவர் உள்ளம் ஒரு சாணேனும் வளர்ந்ததோ எனின், இல்லை. பள்ளிப் படிப்பில் ஓராண்டு வீணாயிற்று. பிற்காலத்தில் அம்மணத்தை அவர் நாணத்தோடே நினைவுகூர்ந்தார்.

பதினைந்தாம் ஆண்டளவில் வேறொன்று நிகழ்ந்தது. தமையனார்க்கு ஏறத்தாழ இருபத்தைந்து ரூபாய்க் கடன் ஏற்பட்டிருந்தது. அதனைத் தீர்க்கும் பொருட்டு, தமையனார் கையில் அணிந்திருந்த பொற்காப்பிலிருந்து சிறிது பொன்னை மோகன்தாஸ் வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, நெஞ்சின் சுமை தீரவில்லை. குற்றத்தைக் கண்டவர் எவருமிலர், கேட்டவரும் இலர். தந்தையார் அடிப்பார் என்ற அச்சமும் அவருக்கு இல்லை. தந்தையார் உள்ளம் நோகுமே என்பதே அவர் அச்சம். வாய் திறந்து கூற இயலாமையால், ஒரு தாளில் எழுதினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், தக்க தண்டனை வேண்டினார், தம்பொருட்டுத் தந்தையார் தம்மை வருத்திக்கொள்ளலாகாது என இரந்தார், இனித் திருடுவதில்லை என உறுதி மொழிந்தார். நோயுற்று வெறும் மரப்பலகையில் படுத்திருந்த தந்தையாரிடம் அத்தாளை நடுங்கும் கையோடு நீட்டிவிட்டு, எதிரே அமர்ந்தார்.

தந்தை கரம்சந்த் எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் கன்னத்தில் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்மூடி இருந்தார்; பின்னர்த் தாளைக் கிழித்தெறிந்து, மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் கூறவில்லை. கடுமொழி கூறுவார், தலையில் அறைந்துகொள்வார் என்று மகன் எதிர்பார்த்திருந்தார்; எதிர்பார்த்தது நிகழவில்லை. மகனும் அழுதார்.

அவ்வறையில் வாழையும் இல்லை, விருந்தும் இல்லை. ஆயினும் மணநாளில் நாட்டப்படாத கல் அன்று நாட்டப்பட்டது. ஒன்றன்று, இரண்டு கற்கள் எனல் பொருந்தும். மகன் வளர்ந்தது போலவே தந்தையும் அக்கணத்தில் வளர்ந்தார். முன்கோபமுடையவர் என்று மகனாலேயே குறிக்கப்பெற்றவர் அவர். அவர் அன்று அமைதி காத்தமை எளிதன்று. ஜெர்மனியில் 1902இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளநூல் அறிஞர் எரிக் எரிக்சன், வாழ்க்கையைப் பிறப்பு முதல் முதுமை வரை எட்டுப் பருவங்களாக வகுத்து 1950இல் ஒரு நூல் வெளியிட்டார். தான் யார் என்று தெளிதல் இளமைப் பருவத்தின் கடமை. அடுத்த தலைமுறையைப் பேணுதல் நடுவயதின் கடமை என்பது அவர் கொள்கை. காந்தியடிகளைப் பற்றி அவரே 1969இல் ஒரு பெருநூலும் எழுதினார்.

இங்கே பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டுவது ஒன்றுண்டு. மதிப்பெண் குறைந்த தாளை மறைக்கும் மாணவனை ஊர் பழிக்கிறது. அவன் மறைக்கக் கற்றது எவ்விடத்தில்? உண்மை கூறிய தோழன் அடிபட்டதையும், மறைத்தவன் தப்பியதையும் அவன் கண்டிருப்பான். தேர்வு என்னும் ஒரு கல்லை மட்டும் கல் என எண்ணி, அதனைத் தாண்டத் தவறியவனை வழியே தவறியவனாகக் கருதுவது பெரும்பிழை. எரிக்சனே பள்ளி முடிந்தபின் பல ஆண்டுகள் ஓவியம் தீட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர்; பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவரே பேராசிரியரானார். தேர்வு வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. தேர்வில் தோற்ற பிள்ளை வீட்டுக்குள் அஞ்சாமல் நுழைய வேண்டும் என்பதே.

காந்தியடிகளின் வளர்ச்சி பதினைந்தோடு முடிந்துவிடவில்லை. 1893இல், இருபத்துமூன்றாம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டு, இரவெல்லாம் குளிரில் நடுங்கியவாறு, தாய்நாடு திரும்புவதா, நின்று போராடுவதா என எண்ணியிருந்தார். அங்கும் அவரைக் காண எவரும் கூடவில்லை.

தந்தையார் அவருக்குப் பதினாறு ஆண்டு நிரம்பியிருந்த காலத்தில் மறைந்தார். 1925 முதல் நவஜீவன் இதழில் அடிகள் தம் வரலாற்றை எழுதியபோது, அக்கடிதம் கிழிக்கப்பட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றிருந்தன. மரப்பலகையும், தாளை நனைத்த கண்ணீரும் அவர் கண்முன் அப்படியே நின்றன. ஓவியனாய் இருந்தால் அக்காட்சியை அன்றே தீட்டிவிடலாம் என்று அவர் எழுதினார்.