கை படாத கடல்

"மனிதன் கை படாத இடம், ஸார்!" என்று கப்பலில் என்னோடு வந்த சிங்கப்பூர் நண்பர் ஆறு நாளில் அறுபது தடவையாவது சொல்லியிருப்பார். முதல் தடவை நானும் தலையாட்டினேன். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் போனது துப்பத்தாகா என்னும் பவளத்திட்டுக்கு. பிலிப்பைன்ஸில் புவெர்த்தோ பிரின்சேசா துறைமுகத்தில் மாலையில் கப்பல் ஏறினால், மறுநாள் காலை சூலு கடலின் நடுவே கண் விழிக்கலாம். அங்கே பயணிகள் தங்க ஒரு திண்ணைகூடக் கிடையாது. ஆகையால் சாப்பாடு, தூக்கம், சீட்டாட்டம் எல்லாம் கப்பலில்தான். நாளைக்கு மூன்று நான்கு தடவை காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்க வேண்டியது. மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் இந்த வைபவம். மற்ற மாதங்களில் கடல் இடம் கொடாது.

நானும் இறங்கினேன். கோட்டைச் சுவர் போலச் செங்குத்தாக இறங்குகிறது பவளப்பாறை. சுறாக்கள் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் உலாவின. அந்த அழகின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் சண்டையெல்லாம் அந்த வாக்கியத்தோடுதான்.

கை படாத இடமாம்! 1980-களில் அங்கே வெடி வைத்து மீன் பிடித்தார்கள். 1988-இல் அதைத் தேசியக் கடற்பூங்கா என்று அறிவித்தார்கள். 1993-இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது. சர்க்கார் காகிதத்தைக் கண்டு எந்த ஊரில் யார் பயந்திருக்கிறார்கள்? ஒரு மணல்திட்டில் காவல் நிலையம் போட்டு, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் மாதக்கணக்கில் முறை வைத்துக் காத்துக் கிடக்கிறார்கள். காக்க வேண்டிய பரப்போ சுமார் 97,000 ஹெக்டேர். திட்டு எந்த ஊர் எல்லையில் இருக்கிறதோ, அந்தக் ககாயன்சில்லோ தீவின் மீனவர்கள் அங்கே வலை வீசுவதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அத்தனை கைகள் பட்டுத்தான் அந்தச் சுறா உயிரோடிருக்கிறது!

படக் கூடாத கையும் பட்டது. 2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் 'கார்டியன்' கப்பல் திட்டின்மேல் ஏறிச் சிக்கிக்கொண்டது. அவர்களுடைய வரைபடம் திட்டை ஏறக்குறைய எட்டுக் கடல் மைல் தள்ளிக் காட்டியிருந்தது. 2,300 சதுர மீட்டருக்கு மேல் பவளம் நாசம். கப்பலைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுத்தார்கள். ('கார்டியன்' என்றால் காவலன் என்று பொருள்!)

வெறும் வாய்ச்சொல்தானே, போகட்டும் என்று விடலாமா? விட முடியாது. புறப்படுமுன், பூங்காக் கட்டணத்தைக் கொள்ளை என்று முணுமுணுத்தவர் இதே நண்பர்தான். கப்பலுக்கும் காமிராவுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுத்தவர்! யாரும் காக்காமல் தானே இருக்கும் சொத்துக்குக் காவல்கூலி எதற்கு என்றுதானே தோன்றும்?

நாலாம் நாள் எங்களைக் காவல் நிலையத்துக்குப் படகில் அழைத்துப் போனார்கள். எங்கள் சமையற்காரர் ஒரு கூடை மாம்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். வாங்கிக்கொண்ட காவலன் ஒரு பழத்தை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம் முகர்ந்துகொண்டிருந்தான். வாசலில் அவன் நின்ற இடத்துக்குப் பின்னால் நீலக் கடல் அற்புதமாய் விரிந்திருந்தது. நண்பர் காமிராவைத் தூக்கினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லப்பா, படத்தில் விழுகிறாய்" என்று கையை வீசிக் காட்டினார்.

அவன் சிரித்துக்கொண்டே கூடையோடு நகர்ந்தான்.