பாட்டரியும் பசையும்

தேய்வது பாட்டரியின் ஸ்வபாவம். 1991-இல் ஸோனி கம்பெனி வியாபாரத்துக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பாட்டரி, எத்தனை ஜாக்கிரதையாக உபயோகித்தாலும், சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியபின் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பது அதைத் தயாரிப்பவர்களே ஒப்புக்கொள்ளும் விஷயம். அப்படியிருக்க, ஆயுள் குறைந்த அந்த ஒரு உறுப்பை, போனில் இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய மற்ற உறுப்புகளோடு பிரிக்க முடியாதபடி பசை வைத்து ஒட்டி விற்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? (இந்தப் பசை ஞானம் இப்போது டிரிம்மர் வரைக்கும் வந்துவிட்டது.)

பத்திரத்தை உத்தேசித்தே மூடி வைத்திருப்பதாகக் கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். 2007-ஆம் ஆண்டில், நோக்கியா போன்களுக்காக மட்சுஷிடா கம்பெனி செய்துகொடுத்த பி.எல்.-5சி பாட்டரிகளில் சில, சார்ஜ் ஏறும்போது அளவு மீறிச் சூடாகின்றன என்று தெரியவந்தது. சந்தேகத்துக்கு உள்ளானவை 4 கோடியே 60 லட்சம். ஆயினும், போனின் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, பாட்டரியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, அதை மட்டும் மாற்றிக்கொள்வது யாருக்கும் சாத்தியமாயிருந்தபடியால், போனையே துறக்கவேண்டிய அவசியம் எழவில்லை. 2016-இல் ஸாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பற்றியபோதோ, முழுப் போனையும் திரும்ப வாங்கவேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவற்றிலும் சில எரிந்தன. முடிவில் பாட்டரி செய்த குற்றத்துக்காக அந்தப் போனின் உற்பத்தியே நின்றது.

தண்ணீர் புகுந்துவிடும் என்ற ஆக்ஷேபணையிலும் ஓரளவுக்குத்தான் சாரம் உண்டு. கைக்கடிகாரத்துக்கு ரப்பர் வளையமும் திருகாணியும் எத்தனையோ காலமாக அந்தக் காவலை அளித்து வருகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, சிறு சாதனங்களின் பாட்டரியை வாங்கியவரே சாதாரணக் கருவிகளைக் கொண்டு கழற்றி மாற்ற இயலவேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் விதிக்கிறது. உதிரி பாட்டரி 5 ஆண்டுகளேனும் கிடைக்கவேண்டும் என்பதும் அதில் அடக்கம். நம் நாட்டின் 2022-ஆம் வருஷத்து விதிகளோ, முக்கியமாக, கழிவாகிவிட்ட பாட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைப் பற்றியவை.

சென்னை ரிச்சி தெருவில் பசையை இளக்கித் திரையைப் பிரித்தெடுக்கும் இளைஞர்களுக்குக் கைத்திறனில் குறைவில்லை. அசல் பாட்டரி அவர்கள் கைக்கு எளிதில் எட்டாததால், பெயர் மட்டும் அசலான சரக்கு அந்த இடத்தில் புகுந்துகொள்கிறது. விபத்தைப் பற்றிய கவலை மெய்யானதானால், கம்பெனிகள் முதலில் செய்யவேண்டியது அசல் பாட்டரியை நியாயமான விலைக்கு அந்தத் தெருவிலேயே விற்பதுதான்.